ஒரு வாய் சீனி

ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை நோக்கிச் சிற்றெறும்புகள் சுவரில் ஏறிக்கொண்டிருந்தன. கார்த்திகை மழை விட்டிருந்த காலை நேரம். விளக்குமாறும் கையுமாக நின்ற கோமு சாரையைக் கண்ணாலேயே பின்தொடர்ந்தாள். ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசலில் புறப்பட்டு, காலண்டரைச் சுற்றிக்கொண்டு ஆணிக்கு வந்து, சட்டையின் தோள் வழியாக இறங்கி, நெஞ்சுப் பைக்குள் போய் மறைந்தது சாரை. அந்த வீட்டில் எறும்பைப் பார்த்தே வருஷக்கணக்காகிவிட்டது. சீனி டப்பா இருந்த இடத்தில் வெந்தய டப்பாவும், வெல்லப் பானை இருந்த இடத்தில் கானப் பானையும் வந்து உட்கார்ந்துவிட்ட வீடு அது. கொள்ளுக்கு அந்தப் பக்கத்தில் கானம் என்று பேர். கானத்தைத் தேடி எந்த எறும்பும் வருவதில்லை.

பைக்குள் இரண்டு விரலை விட்டாள். செய்தித்தாளைக் கிழித்து மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று வந்தது. பிரித்தாள். கல்கண்டு. மழைக்கால ஈரத்தில் லேசாகக் கசிந்து காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

ஆவணிக்கு முன்னால் இப்படி ஒன்று கையில் அகப்பட்டிருந்தால் கோமு தெருவையே கூட்டியிருப்பாள். அவள் கணவர் சிவசண்முகம் பிள்ளை புறவாசலில் குளித்துக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவைத் தட்டி, ஈரத் துண்டோடு அவரை வெளியே வரவழைத்து, பொட்டலத்தை மூக்குக்கு நேரே நீட்டி, "என்னது இது?" என்று ஒரு பாட்டம் ஆடித் தீர்த்திருப்பாள். இன்று அவள் தட்டவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துக்கத்தில் வருகிறதா வெட்கத்தில் வருகிறதா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சிவசண்முகம் பிள்ளை பொதுப்பணித்துறையில், ஆற்றுப் பாசன அலுவலகத்தில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கோமுவுக்கு அத்தை மகன். அதனால் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவர் அவளுக்கு "அத்தான்"தான். சாப்பாட்டுப் பிரியர் என்று சொன்னால் அவரைக் குறைத்துச் சொன்னதாக ஆகிவிடும். பல் விளக்கும்போதே மத்தியானக் குழம்பைப் பற்றி விசாரிக்கிற ஆள். ஆபீஸ் விட்டு வந்தால் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிற அதே நேரத்தில் "கோமு, என்ன இருக்கு?" என்ற சத்தமும் கேட்கும். அந்தக் குரலுக்கு அவள் முப்பது வருஷமாக அலுத்துக்கொண்டே பதில் சொல்லிவந்தாள்.

தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்த கார்த்திகைக்கு அடுத்த தை மாதம், அவர் காலில் குத்திய முள்ளின் காயம் ஆறாமலே கிடந்தது. பாளையங்கோட்டை டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சர்க்கரை என்றார். காலையில் ஒரு மாத்திரை, மற்றபடி எல்லாம் சாப்பாட்டில்தான் இருக்கிறது என்றார். "ஏறினாலும் ஆபத்து, ரொம்ப இறங்கினாலும் ஆபத்தும்மா. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினா உடனே சீனி குடுத்திரணும்" என்றும் சொன்னார். கோமு தலையை ஆட்டினாள். ஆனால் அப்போது அவள் மனசு முழுக்கச் சாம்பாரில் தடியங்காய் சேர்க்கலாமா கூடாதா என்பதிலேயே இருந்தது. அதைக் கேட்டு முடித்து வெளியே வந்தபோது, டாக்டர் சொன்னதில் பாதி அவள் காதில் தங்கவில்லை. ஏறுவதுதான் வியாதி, இறங்குவது தன் கெட்டிக்காரத்தனம் என்று மட்டும் பதிந்துபோயிற்று.

அன்றிலிருந்து கோமு வேறு ஆளாகிவிட்டாள். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் அவளிடம் யோசனை கேட்டதில்லை. நிலத்தை விற்றபோதும் கேட்கவில்லை, வீட்டுக்கு மச்சு எடுத்தபோதும் கேட்கவில்லை. முதல்முறையாக ஒரு காரியம் முழுக்க முழுக்க அவள் கைக்கு வந்தது. அவள் அதை விடவில்லை. பாபநாசம் பக்கம் நடந்த இயற்கை உணவு முகாம் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, பாலும் தயிரும் நெய்யும்கூட ஆகாது, மண்ணில் முளைத்ததுதான் மருந்து என்று சொல்லி மோர்ப்பானையைக் கவிழ்த்து வைத்தாள். மோர் இல்லாத சைவ வீட்டைப் பார்க்க உறவுக்காரர்கள் வேடிக்கைபோல வந்து போனார்கள். அவளுடைய தம்பி பாலசுப்பிரமணியன், "அக்கா, நாமளே சைவம். இது என்ன சைவத்துக்குள்ள ஒரு சைவம்?" என்று கேட்டான். அவனுக்கும் ஒரு தம்ளர் கானக் கஞ்சியைக் கொடுத்து வாயை மூடவைத்தாள்.

காலையில் கானக் கஞ்சி. மத்தியானம் ஒரு கைப்பிடி கைக்குத்தல் சோறு, ஒரு மலை சீனியவரைக்காய், தேங்காய் படாத சுண்டைக்காய்த் தீயல், கீரை. ராத்திரி கேப்பை அடை. வாரத்துக்கு இரண்டு நாள் புறவாசலில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றி, சோதனைக் குழாயில் நீல மருந்தோடு அவருடைய சிறுநீரைச் சேர்த்துக் கொதிக்க வைப்பாள். செங்கல் நிறம் வந்தால் சர்க்கரை மிஞ்சிப்போயிற்று என்று அர்த்தம். நீலம் நீலமாகவே நின்றால் வெற்றி. "அத்தான், நீலம்!" என்று அவள் போடுகிற சத்தம் மூன்றாவது வீடு வரைக்கும் கேட்கும். அவளைக் குறை சொல்வதற்கும் இல்லை. காயம் ஆறிற்று. தொப்பை கரைந்தது. நெல்லையப்பர் கோயில் பிரகாரத்தை மூச்சு வாங்காமல் சுற்றிவந்தார் மனிதர். டாக்டரே, "வீட்டுச் சாப்பாட்டுக்கு அந்தம்மாவைக் கேளுங்க" என்று மற்றவர்களை அனுப்பிவைத்தார். டவுண் ரதவீதிகளிலிருந்து பெண்கள் வந்து பாகற்காயைப் பற்றி அவளிடம் சந்தேகம் கேட்டார்கள். கோமுவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

சிவசண்முகம் பிள்ளையும் சும்மா இருந்துவிடவில்லை. கெஞ்சினார், சண்டை போட்டார், திருடினார். அர்ச்சனைத் தட்டிலிருந்து கல்கண்டு காணாமல் போகும். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையிலிருந்து லட்டு காணாமல் போகும். கோமுவுக்கு மூக்கில் வேர்த்துவிடும். மேல்துண்டை உதறச் சொல்லிக் கையும் களவுமாகப் பிடிப்பாள். தெருமுனை மளிகைக்கடை தேவதாசனிடம் போய், "அவுகளுக்குச் சீனி சேர்ந்தது எதும் குடுக்கப்பிடாது, சொல்லிட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தாள். ஒரு தீபாவளிக்கு அவர் தலை சுற்றுகிறது, கை நடுங்குகிறது என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணைச் செருகிக்கொண்டார். கோமு பயந்துபோய் ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து அவர் வாயில் வைத்தாள். மென்று விழுங்கிவிட்டு எழுந்து உட்கார்ந்து, "பாகு பதம் நல்லா வந்திருக்கு கோமு" என்றார். மகள் விஜயஸ்ரீ விழுந்து விழுந்து சிரித்தாள். கோமுவும் சிரித்தாள். ஆனால் இனிமேல் ஏமாறக்கூடாது என்று மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அந்த முடிச்சை இப்போது நினைத்தால் அவளுக்கு நெஞ்சு எரிகிறது.

இந்த ஆவணியில் விஜயஸ்ரீக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம். வியாழக்கிழமை முகூர்த்தம், சாயங்காலமே பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விட்டு, மறுநாள் எல்லோரும் மறுவீட்டு விருந்துக்கு டவுண் மண்டபத்துக்குத் திரும்பி வருவதாக ஏற்பாடு. திருநெல்வேலிச் சைவ வீடுகளில் மறுவீடு என்றால் சொதிதான். தேங்காயை ஆட்டி முதல்பால், இரண்டாம்பால், மூன்றாம்பால் என்று தனித்தனியாக எடுத்து, சிறுபருப்பும் முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொதிக்கவிட்டு, கடைசியில் முதல்பாலை ஊற்றி இறக்குவார்கள். கூட இஞ்சிப் பச்சடி. கல்யாணச் சாப்பாட்டை மறந்துபோகிறவன்கூடச் சொதியை மறக்கமாட்டான்.

கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்த நாளிலிருந்தே சிவசண்முகம் பிள்ளை மனுப்போட்டுக்கொண்டிருந்தார். "கோமு, எம்மவ கல்யாணத்துச் சொதி. வேற ஒண்ணும் கேக்கமாட்டேன். சோறும் ரெண்டு கரண்டி சொதியும்."

"ஒரு கரண்டி" என்று அவள் இறங்கிவந்தாள்.

"ஒண்ணரை."

"காய்கறிக்கடையா இது, பேரம் பேசுதிய? ஒரு கரண்டி. அதுக்குப் பதில் அன்னைக்குக் காலையில கம்மி பண்ணிக்கிடணும்."

அவர் சந்தோஷமாகச் சரி என்றார். இந்தக் கணக்கு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு பக்கம் ஏறுவதை இன்னொரு பக்கம் குறைத்துவிட்டால் நீலம் நீலமாகவே நிற்கும். வெள்ளிக்கிழமை காலையில் மண்டபத்தில் வைத்து, மாத்திரையை நேரம் தப்பாமல் கொடுத்துவிட்டு, கானத்தைத் தண்ணீராகக் கரைத்து அரைத் தம்ளர் கஞ்சி கொடுத்தாள். வேறு எதுவும் கொடுக்கவில்லை. இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டே போன மனிதரைப் பந்தல்காரனிடம் பேசச் சொல்லி அனுப்பிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். அது கழியாமல் மாப்பிள்ளை வீட்டார் வேனை எடுக்கமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும், மாத்திரை போட்ட மனிதருக்குச் சாப்பாடு எப்போது என்று அவள் யோசிக்கவில்லை. வேன் வந்து சேர்ந்தபோது ஒன்றரை ஆகிவிட்டது. சந்தனம், பன்னீர், விசாரிப்பு எல்லாம் முடிந்து முதல் பந்தி உட்கார்ந்தபோது இரண்டுக்கு மேலே. சம்பந்தி வீட்டார் எல்லோரும் கை கழுவி எழுந்தபிறகுதான் பெண்ணைப் பெற்றவர்கள் இலையில் உட்காரவேண்டும். அதுவரைக்கும் பெண்ணின் அப்பா பந்தி நடுவே நின்று, ஒவ்வொரு இலையாகக் குனிந்து, "நல்லாச் சாப்பிடுங்க, கூச்சப்படாதீய" என்று சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். சிவசண்முகம் பிள்ளை அதைக் குறைவில்லாமல் செய்தார். சமையல் பார்த்த தவசிப்பிள்ளையின் ஆட்கள் பரிமாறினாலும், சம்பந்தி இலைக்குத் தன் கையாலேயே ஊற்றவேண்டும் என்று சொதி வாளியையும் வாங்கிக்கொண்டார்.

கோமு உக்கிராண அறையில் இருந்தாள். பலசரக்கு மூட்டைகளும் பலகாரத் தட்டுகளும் அடுக்கிவைத்த அறை. சாவி அவள் இடுப்பில் இருந்தது. முதல் பந்தியில் உட்காராத மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மாப்பிள்ளையின் அம்மா ஆவுடையம்மாள். அவளுடைய வீட்டுக்காரருக்கும் சர்க்கரை. "மைனி, உங்க கைப்பக்குவத்தப் பத்தித்தான் எங்க ஊர்லயும் பேச்சு. அதெப்படி அண்ணாச்சியக் கட்டுப்படுத்துதிய? எங்க வீட்டுல ஒரு நேரம் அடங்க மாட்டேங்குதாவ" என்று அவள் கேட்டாள். கோமுவுக்கு வாயெல்லாம் பல். வெந்தயத்தை ஊறவைப்பதில் தொடங்கி, கானம், கேப்பை, நீல மருந்து என்று போய், "மனசுதான் மைனி முக்கியம். நாம இளகிட்டோம்னா அவுக ஏறிருவாவ. நான் ஒரு தடவ சொல்லிட்டேன்னா இப்ப சீனி டப்பாவத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாவ" என்று முடித்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் அவர் வாசலில் வந்து நின்றார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். புதுச்சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆவணி வெயிலும் கோட்டையடுப்புச் சூடும் யாரைத்தான் விட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

"கோமு, ஒரு வாய் சீனி தாயேன்."

குரல் தாழ்ந்திருந்தது. ஆனாலும் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டுவிட்டது. கோமுவுக்கு முகம் சுருக்கென்றது. இத்தனை நேரம் கட்டியதை ஒரே வார்த்தையில் இடித்துப் போட்டுவிட்டாரே என்று ஆத்திரம் வந்தது. அதைச் சிரிப்பாக்கிக்கொண்டாள்.

"பாத்தியளா மைனி? இப்பத்தான் சொன்னேன், அதுக்குள்ள மோப்பம் பிடிச்சு வந்திட்டாவ."

பெண்கள் சிரித்தார்கள். ஆவுடையம்மாள் மட்டும் மரியாதைக்காக முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"இல்ல கோமு. கை நடுங்குது."

"நடுங்கும், நடுங்கும். தீவாளிக்கும் இப்படித்தானே நடுங்கிச்சு? வெக்கமா இல்லையா, சம்பந்தி வீட்டு ஆளுக முன்னால? போங்க, அங்கன இலைக்குச் சொதி வந்திட்டான்னு பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மற்றப் பெண்களைப் பார்த்தார். மேல்துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்றார். அவ்வளவுதான். சண்டை போடவில்லை, இன்னொரு தடவை கேட்கவில்லை. திரும்பிப் பைய நடந்து போனார். கோமுவுக்குக் கைக்கெட்டுகிற தூரத்தில் பூந்தித் தட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் வாய் பிரித்த சாக்கில் அரை மூட்டைச் சீனி இருந்தது.

வாளி விழுந்த சத்தம் முதலில் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தபோது இலைகளுக்கு நடுவே அவர் விழுந்துகிடந்தார். சுற்றிலும் சொதி வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது. இடது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. "அப்பா, அப்பா" என்று மாலையும் கழுத்துமாக ஓடிவந்த விஜயஸ்ரீயின் காலும் சொதியில் வழுக்கிற்று. பந்தி பாதியில் எழுந்தது. பாலசுப்பிரமணியன் அவரைத் தூக்கிக் காரில் போட்டான். அந்தச் சொதியை அவர் ஒரு கரண்டிகூடச் சாப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே அவர் கண் முழித்துவிட்டார். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது, மணிக்கட்டு முறிந்திருக்கிறது, மற்றபடி பயமில்லை என்றார்கள். அங்கிருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். கட்டில் பக்கத்தில் நின்று கோமுவிடம் கேட்டார். "விழுறதுக்கு முன்னால ஏதாச்சும் சொன்னாரா? வேர்க்குது, நடுங்குது, இனிப்பு வேணும்னு?"

தம்பி நின்றான். விஜயஸ்ரீ நின்றாள். சம்பந்திகள் நின்றார்கள். கோமு வாயைத் திறந்தாள்.

"இல்லீங்க. ஒண்ணும் கேக்கல."

சொல்லிவிட்டுக் கட்டிலைப் பார்த்தாள். அவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவுடையம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

மாத்திரையை டாக்டர் பாதியாக்கினார். நேரத்துக்குச் சாப்பிடவேண்டும், இடையில் பசித்தால் சுண்டல், கொய்யாக்காய், பட்டினி கூடவே கூடாது என்றார். இந்தத் தடவை கோமு ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டாள். கட்டுப் பிரித்தபோது மணிக்கட்டு லேசாகக் கோணியிருந்தது. அதைத் தவிர வேறு குறையில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கோமுவுக்கு மட்டும்தான் தெரியும், வீட்டில் ஒரு சத்தம் நின்றுபோய்விட்டது என்று. "கோமு, என்ன இருக்கு?" என்று இப்போது அவர் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றுகிறார், கால் கழுவுகிறார், வந்து உட்காருகிறார். வைத்ததைச் சாப்பிடுகிறார். முகத்தில் கோபமும் இல்லை. மழை வருமா, விஜி போன் பண்ணினாளா என்றெல்லாம் பேசத்தான் செய்கிறார். வாய்க்கு வேண்டியதை மட்டும் கேட்பதில்லை.

ஒருநாள் வேண்டுமென்றே கூட்டில் உப்புப் போடாமல் வைத்தாள். உப்பில்லையே என்றாவது கேட்கட்டும் என்று பக்கத்திலேயே நின்றாள். அவர் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார். அவள் அந்தக் கூட்டை எடுத்து வாயில் வைத்துப் பார்த்துவிட்டு அடுக்களைச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். தலைதீபாவளிக்கு மகளும் மருமகனும் வந்திருந்தபோது, அவளே ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். "டாக்டர் ஒண்ணு சாப்பிடலாம்னுட்டாரு அத்தான்" என்றாள். அவர் அதை எடுத்து மருமகன் தட்டில் வைத்துவிட்டு, "நீங்க சாப்பிடுங்க மாப்ள" என்றார். விஜயஸ்ரீ அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அந்த உக்கிராண அறைக் கதை தெரியாது.

அன்று ராத்திரிக்குள் எப்படியாவது பேசிவிட வேண்டும் என்று அவர் வெற்றிலை போடும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அத்தான், அன்னைக்கு நீங்க வந்து கேட்டப்ப..."

"அதான் சரியாயிட்டுல்லா" என்று சொல்லிவிட்டு அவர் சுண்ணாம்பு டப்பாவை மூடினார்.

இப்போது இந்தப் பொட்டலம். திருட்டுத் தீனி திரும்ப ஆரம்பித்துவிட்டதோ என்று நினைத்தபோது, வெட்கக்கேடு, கோமுவுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. திருடினால் பிடிக்கலாம். பிடித்தால் சண்டை போடலாம். சண்டை போட்டால் அவர் பழைய குரலில் கத்துவார். பொட்டலத்தை மடியில் செருகிக்கொண்டு, சிறுபயறு வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுத் தேவதாசன் கடைக்குப் போனாள்.

தேவதாசன் அவளைப் பார்த்ததுமே தராசை விட்டு எழுந்தார். அவள் பொட்டலத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

"அம்மா, கோவிச்சுக்கிடாதீய. நான் மாட்டேன்னுதான் சொன்னேன். அண்ணாச்சிதான் டாக்டரே சொல்லிருக்காருன்னாவ."

"எத்தன நாளா வாங்குதாவ?"

"ஆஸ்பத்திரிலருந்து வந்ததுலருந்தே. ஈரமாயிட்டா பழசத் தூரப்போட்டுட்டுப் புதுசு வாங்குவாவ. ஒண்ணுகூட வாயில போட்டு நான் பாத்ததில்லம்மா." தேவதாசன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல வச்சுக்கிட்டா என்ன அண்ணாச்சி, எதுக்குப் பையிலயே கொண்டு திரியுதியன்னு ஒருநா கேட்டேன். 'எங்கயாவது தலை சுத்துச்சுன்னா யாரையும் கேக்க வேண்டாம்லாடே'ன்னாவ."

கோமு பலகையைப் பிடித்துக்கொண்டாள். யாரையும் என்றால் யாரை? ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு வாய் சீனி கொடுத்திருப்பார்கள். பந்தியில் ஒரு பையனைக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். தவசிப்பிள்ளை கொடுத்திருப்பார். அவர் அவளைத்தான் தேடிக்கொண்டு வந்தார்.

சிறுபயறு வாங்க மறந்துபோனாள். "எனக்கு ஒரு பொட்டலம் கல்கண்டு குடுங்க" என்றாள். வருஷக்கணக்குக்குப் பிறகு அவள் அந்தக் கடையில் அவருக்கென்று இனிப்புக் கேட்டது அன்றுதான். தேவதாசன் நிறுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவருடைய பழைய வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்தாள். காகிதம் என்றால் ஈரம் ஏறிவிடும். கல்கண்டை ஒரு சின்னப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, துணிக்குள் வைத்து, நூலால் கட்டினாள். நடுக்கத்தில் ஒரு கையாலும் அவிழ்க்க வரவேண்டுமே என்று கட்டை இளக்கினாள். அவிழ்த்துப் பார்த்துவிட்டு மறுபடி கட்டினாள். எறும்பைத் துடைத்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்தாள். அவருடைய காகிதப் பொட்டலத்தைத் திருப்பி வைக்கவில்லை.

சாயங்காலம் அவர் குறுக்குத்துறைப் பக்கம் நடக்கப் புறப்பட்டார். கோமு அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையை மாட்டினார். வழக்கம்போல வலது கை நெஞ்சுப் பைக்குப் போயிற்று. அங்கேயே நின்றது. துணி முடிச்சை எடுத்துப் பார்த்தார், அந்தக் கோணல் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். இது என்ன கோமு என்று கேட்பார். கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், டாக்டரிடம் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் முடிச்சைப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார். குடையை எடுத்தார். "வாரேன்" என்றார்.

அவர் திரும்பி வந்தபோது தெருவிளக்கு எரிந்துவிட்டிருந்தது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் புறவாசலுக்குக் கால் கழுவப் போனார். கோமு சத்தமில்லாமல் போய்ப் பைக்குள் பார்த்தாள். துணி முடிச்சு அப்படியே இருந்தது. அதை ஒட்டினாற்போல, செய்தித்தாளில் மடித்த புதுப் பொட்டலம் ஒன்றும் இருந்தது.

இரண்டையும் தொடாமல் கையை எடுத்துக்கொண்டாள். புறவாசலில் வாளித் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் வந்து தட்டுக்கு முன்னால் உட்காருகிற சத்தம் கேட்டது. அவள் இன்னும் கொஞ்சம் நின்று காதைக் கொடுத்துப் பார்த்தாள். ஒரு குரலும் வரவில்லை. ஜன்னலுக்குக் கீழே விரிசலிலிருந்து எறும்புகள் மறுபடியும் புறப்பட்டு வந்துகொண்டிருந்தன. காலண்டரைச் சுற்றி, ஆணியைத் தாண்டி, சட்டையின் தோள்வரைக்கும் ஒரே சாரையாக வந்தவை பையின் வாயில் வந்து நின்று, எந்தப் பக்கம் இறங்குவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன.